வேலையை விட்ட பிறகும் தொடரும் தடை: நான்-காம்பீட், நான்-சொலிசிட் ஷரத்துகளை முடிப்பதும் அமல்படுத்துவதும்

ராஜினாமா கொடுத்த சில நாளில் எச்.ஆர். பிரிவிலிருந்து ஒரு மெயில் வரும்: "பணியில் சேர்ந்தபோது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 14-ஆவது ஷரத்தை நினைவூட்டுகிறோம்." அப்படி ஒரு ஷரத்து இருந்ததே பலருக்கு அப்போதுதான் தெரியவரும். சேர்ந்த அன்று நீட்டிய காகிதக் கத்தையில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்போம். போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது, வாடிக்கையாளர்களை அழைக்கக்கூடாது, கூட வேலை பார்த்தவர்களைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்பதெல்லாம் அதற்குள் இருந்திருக்கும்.

நிறுவனம் நடத்துபவரின் பயமும் பொய்யில்லை. பல வருஷம் பழகிச் சேர்த்த வாடிக்கையாளர்களை, அவர்களோடு தினமும் பேசிக்கொண்டிருந்த ஒருவர் ஒரே மாதத்தில் அள்ளிக்கொண்டு போக முடியும்.

ஆனால் இரண்டு தரப்பும் பெரும்பாலும் தப்புக்கணக்குதான் போடுகிறார்கள். "இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று ஊழியர் அலட்சியமாக இருக்கிறார். "கையெழுத்து இருக்கிறது, அது போதும்" என்று முதலாளி நம்புகிறார். ஷரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது பாதி விஷயம்தான். கிளம்புவதற்கு முந்தைய சில வாரங்களிலும் பிந்தைய சில வாரங்களிலும் யார் என்ன செய்தார்கள் என்பதுதான் பல வழக்குகளின் போக்கைத் தீர்மானிக்கிறது. கீழே உள்ள படிகளை அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். இது பொதுவான வழிகாட்டி. நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் உங்கள் ஊர்த் தொழிலாளர் சட்ட வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

1. எல்லாக் காகிதங்களையும் ஒன்றுசேருங்கள்

தடை ஷரத்து பணி ஒப்பந்தத்தில் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆஃபர் லெட்டர், பணியாளர் கையேடு, பதவி உயர்வுக் கடிதம், போனஸ் ஒப்புதல், பங்கு ஒதுக்கீட்டுப் பத்திரம் என எங்கு வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும். பங்கு ஒதுக்கீட்டுப் பத்திரத்தில் இருப்பது குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. "போட்டியாளரிடம் சேர்ந்தால் பங்குகள் ரத்து" என்று அதில் இருந்தால், கோர்ட்டுக்கே போகாமல் உங்கள் பணம் அவர்கள் கையில் நின்றுவிடும்.

அப்புறம், கடைசி நாளில் நீட்டும் காகிதம். இழப்பீட்டுத் தொகைக்கு ஈடாகக் கையெழுத்துக் கேட்கும் பணி விலகல் ஒப்பந்தத்தில் பழைய தடையைப் புதுப்பித்தோ நீட்டித்தோ எழுதியிருப்பார்கள். இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் கேளுங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2022 முதல், இப்படிப்பட்ட தடைகளைப் படித்துப் பார்க்க ஊழியருக்கு 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் அவகாசம் கேட்பதை யாரும் தடுக்க முடியாது.

2. எது எந்தத் தடை என்று பிரியுங்கள்

ஒரே பத்தியில் நான்கைந்து தடைகளைக் குழைத்து எழுதுவது வக்கீல்களின் வழக்கம். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றின் பலமும் வேறு.

போட்டித் தடை என்பது நான்-காம்பீட்: போட்டி நிறுவனத்தில் சேரவோ சொந்தமாக அதே தொழில் தொடங்கவோ கூடாது. பிழைப்பையே தடுப்பதால் நீதிமன்றங்கள் இதைத்தான் அதிகச் சந்தேகத்தோடு பார்க்கின்றன. அழைப்புத் தடை என்பது நான்-சொலிசிட்: நீங்களாகப் போய்ப் பழைய வாடிக்கையாளரையோ சக ஊழியரையோ இழுக்கக்கூடாது. இது வேலையைத் தடுப்பதில்லை என்பதால் பல ஊர்களில் நிற்கிறது. ரகசியக் காப்பு என்பது நிறுவனத்தின் ரகசியங்களை வெளியே கொண்டுபோகக்கூடாது என்பது. இது எல்லாவற்றிலும் பலமானது, பெரும்பாலான இடங்களில் செல்லும்.

அழைப்புத் தடைக்கும் தொடர்புத் தடைக்கும் (வாடிக்கையாளர் தானாக வந்தாலும் அவரோடு வேலை செய்யக்கூடாது என்பது) உள்ள வித்தியாசத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கீழே உள்ள வாசகத்தைப் பாருங்கள்:

"பணி முடிந்து 12 மாதங்களுக்கு, நிறுவனத்தின் எந்த வாடிக்கையாளரையும் ஊழியர் நேரடியாகவோ மறைமுகமாகவோ அழைக்கவோ, அவர்களிடமிருந்து வேலையை ஏற்கவோ கூடாது."

"அழைக்கவோ" என்பதோடு நிறுத்தியிருந்தால், வாடிக்கையாளர் தானாகத் தேடி வரும்போது நீங்கள் பேசலாம் என்று வாதிட இடமுண்டு. "ஏற்கவோ" என்ற ஒரு சொல் அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. அதே சமயம் "எந்த வாடிக்கையாளரையும்" என்பது நிறுவனத்தின் பலவீனம். நீங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத வாடிக்கையாளரும் அதில் அடங்குவதால், மிகையானது என்று தள்ளப்படும் வாய்ப்பு அதிகம். "கடைசி 12 மாதங்களில் ஊழியர் நேரடியாகக் கையாண்ட வாடிக்கையாளர்" என்று எழுதியிருந்தால் கதையே வேறு. ஷரத்தை எழுதும் முதலாளிகள் இந்த ஒரு வரிக்காகவே வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தை நியாயப்படுத்திக்கொள்ளலாம்.

3. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று பாருங்கள்

ஒரே வாசகம் ஓர் ஊரில் இரும்பு விலங்கு, இன்னோர் ஊரில் வெற்றுக் காகிதம்.

இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, சட்டப்படியான தொழிலைச் செய்வதைத் தடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. தொழிலின் நற்பெயரை (குட்வில்) விற்றவருக்கு மட்டும் விதிவிலக்கு. எனவே வேலையை விட்ட பிறகான போட்டித் தடை பொதுவாக நிற்பதில்லை. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை செல்லும் என்று நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தை நடுவிலேயே முறித்துப் போட்டியாளரிடம் போனவரைத் தடுத்ததைச் சரி என்றது. பயிற்சிச் செலவு, பணிக்காலப் பிணைப்பத்திரம் ஆகியவை வேறு கணக்கு. மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. "27-ஆவது பிரிவு இருக்கிறது, எதுவும் செய்ய முடியாது" என்று நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

மலேசியாவின் 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவும் ஏறத்தாழ அதே வாசகம்தான். கலிபோர்னியாவும் அப்படியே, அங்கும் இந்த விதி 1872-இல்தான் சட்டமானது. இது தற்செயல் இல்லை. டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற நியூயார்க் வழக்கறிஞர் எழுதிய வரைவுதான் இந்தியா, கலிபோர்னியா இரண்டின் விதிகளுக்கும் மூலம். அந்த வரைவை நியூயார்க் ஏற்காமல் விட்டதுதான் வேடிக்கை.

இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்ற இடங்களில் "நியாயமானதா" என்ற சோதனை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: மினசோட்டா 2023 ஜூலை முதல் கையெழுத்தாகும் போட்டித் தடைகளைச் செல்லாததாக்கியது, புளோரிடாவோ 2025-இல் அதிகச் சம்பளக்காரர்களுக்கு நான்கு ஆண்டு வரை தடை விதிக்க வழிசெய்தது. நாடு முழுக்கப் போட்டித் தடையை ஒழிக்க, அந்நாட்டு வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 ஏப்ரலில் கொண்டுவந்த விதியை டெக்சாஸ் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் கமிஷனே மேல்முறையீட்டைக் கைவிட்டது. "அமெரிக்காவில் தடை செய்துவிட்டார்களே" என்று இன்னும் பகிரப்படும் செய்தி பழையது.

ஜெர்மனியின் வழி எனக்குப் பிடித்தது. தடைக் காலம் முழுவதும் கடைசி ஊதியத்தில் குறைந்தது பாதியை நிறுவனம் தர வேண்டும், தடையும் இரண்டு ஆண்டைத் தாண்டக்கூடாது. தடுக்க வேண்டுமானால் செலவு செய் என்று சொன்னதும், எந்த ஊழியரைத் தடுப்பது உண்மையிலேயே முக்கியம் என்று நிறுவனமே யோசிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் "இது இன்ன நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அதையே இறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வேலை செய்யும் ஊரின் சட்டம் அதை மீறலாம். கலிபோர்னியா 2024 முதல், வேறெங்கு கையெழுத்தானாலும் அத்தகைய தடையைத் தன் மண்ணில் அமல்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது.

4. எதைப் பாதுகாக்கிறார்கள் என்று கேளுங்கள்

நியாயச் சோதனை உள்ள ஊர்களில் முதல் கேள்வி இதுதான். வெறும் போட்டியைத் தடுப்பது நியாயமான நலன் ஆகாது. ஊழியர் தன் தலைக்குள் சுமந்து போகும் திறமையும் அனுபவமும் அவருடையவை என்று 1916-இலேயே ஹெர்பர்ட் மோரிஸ் வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. தொழில் ரகசியம், வாடிக்கையாளர் உறவு, நிலையான பணியாளர் குழு ஆகியவைதான் பாதுகாக்கத் தகுந்தவை. அதற்குத் தேவையான அளவைத் தாண்டிக் காலமும் பரப்பும் போனால் சிக்கல்.

இந்த அளவுகோலைத் தூக்கிப் போட்டதற்கு உதாரணம் ஜிம்மி ஜான்ஸ் சாண்ட்விச் கடைகள். கடையில் ரொட்டிக்கு நடுவே இறைச்சி அடுக்கும் தொழிலாளிக்கும் இரண்டு ஆண்டுப் போட்டித் தடை போட்டிருந்தார்கள். 2016-இல் நியூயார்க், இல்லினாய் மாநில அரசுகள் தலையிட்ட பிறகுதான் கைவிட்டார்கள்.

வாசகம் மிகையாக இருந்தால் முழு ஷரத்தும் போய்விடுமா? ஊரைப் பொறுத்தது. சில இடங்களில் நீதிபதியே அதைச் சுருக்கி நிறுத்துவார். இங்கிலாந்தில் 2019-இல் டில்மன் வழக்கில், போட்டி நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பதையும் தடுத்த சில சொற்களை மட்டும் வெட்டிவிட்டு மீதியை உச்ச நீதிமன்றம் நிற்கவைத்தது. ஆகவே "ஒரு வரி தப்பு, எல்லாம் தப்பு" என்று நம்பிப் புது வேலையில் குதிப்பது ஆபத்து.

5. தடையை முடித்துக்கொள்ளும் வழிகள்

எளிதான வழியைத்தான் பலர் முயல்வதே இல்லை: கேட்பது. புது வேலை பழைய நிறுவனத்தோடு நேரடியாக மோதாது என்று காட்ட முடிந்தால் எழுத்தில் விடுவிப்புக் கேளுங்கள். நல்ல உறவோடு கிளம்பும்போது, நோட்டீஸ் பீரியட் தொடங்கும் சமயத்தில் கேட்டால் கிடைக்கும். சண்டை போட்டுவிட்டுக் கேட்டால் கிடைக்காது. விடுவிப்புக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை:

"திரு. ... அவர்கள் ... நிறுவனத்தில் ... பணியில் சேர்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ... தேதியிட்ட பணி ஒப்பந்தத்தின் 14-ஆவது ஷரத்து இந்தப் பணியைப் பொறுத்தவரை அவரைக் கட்டுப்படுத்தாது. ரகசியக் காப்பு பற்றிய 12-ஆவது ஷரத்து தொடரும்."

கடைசி வாக்கியத்தை நீங்களே சேர்த்து அனுப்புங்கள். அது இருந்தால் மறுபக்கம் கையெழுத்துப் போடத் தயங்காது. யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதும் முக்கியம். "மாற்றங்கள் இயக்குநர் கையொப்பத்துடன் எழுத்தில் மட்டுமே" என்று ஒப்பந்தம் சொன்னால், மேனேஜர் கேன்டீனில் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னதற்கு மதிப்பில்லை. குறைந்தபட்சம் அன்றே அவருக்கு ஒரு மெயில் போட்டு, பேசியதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

முழு விடுவிப்புக் கிடைக்காவிட்டால் பாதி கேளுங்கள். பன்னிரண்டு மாதத்தை நான்காகக் குறைப்பது, போட்டியாளர்கள் பட்டியலை மூன்று பெயராகச் சுருக்குவது, குறிப்பிட்ட பத்து வாடிக்கையாளரை மட்டும் தொடுவதில்லை என்று ஒப்புக்கொள்வது. எண்ணி வைத்த பத்துப் பெயர் இரு தரப்புக்குமே நிம்மதி. சில நேரம் புது நிறுவனமே பணம் கொடுத்துத் தடையை விலைக்கு வாங்கும்.

அடுத்த வழி, நிறுவனமே ஒப்பந்தத்தை முறித்திருப்பது. சம்பளத்தைப் பிடித்து வைத்தல், நோட்டீஸ் இல்லாமல் வேலையை விட்டு அனுப்புதல் போன்றவை நடந்திருந்தால், ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் தடையிலிருந்தும் ஊழியர் விடுபடலாம். 1909-ஆம் ஆண்டு ஜெனரல் பில்போஸ்டிங் வழக்கு இதற்கு அடிப்படை. வாசகத்தையும் உற்றுப் பாருங்கள். இந்திய உச்ச நீதிமன்றத்தில் 1980-இல் முடிந்த சூப்பரின்டென்டென்ஸ் கம்பெனி வழக்கில், ஊழியர் "விட்டுச் சென்றால்" தடை என்று எழுதியிருந்தது. நிறுவனமே வேலையை விட்டு நீக்கியது "விட்டுச் செல்வது" ஆகாது என்று தடையை ஏற்க மறுத்தது நீதிமன்றம்.

ஜெர்மனியில் இன்னொரு நுணுக்கம்: பணி முடிவதற்கு முன் நிறுவனம் எழுத்தில் தடையைக் கைவிடலாம். அப்படிச் செய்தால் ஊழியர் உடனே சுதந்திரமானவர், பணம் தரும் பொறுப்பு மட்டும் அறிவித்த நாளிலிருந்து ஓராண்டு தொடரும்.

6. கிளம்பும் வாரங்களில் ஊழியர் செய்யக்கூடாதவை

கலிபோர்னியாவில் போட்டித் தடையே கிடையாது. ஆனாலும் அங்கேதான் ஆன்டனி லெவன்டாவ்ஸ்கி என்ற பொறியாளர் சிக்கினார். கூகுளின் தானியங்கிக் கார் பிரிவை விட்டுப் போவதற்கு முன் 14,000-க்கும் மேற்பட்ட கோப்புகளை இறக்கிக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. அவர் போய்ச் சேர்ந்த உபர், 2018-இல் சுமார் 24.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 2020-இல் தொழில் ரகசியத் திருட்டை ஒப்புக்கொண்ட அவருக்கு 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அதிபரின் மன்னிப்புக் கிடைத்ததால் தப்பினார். அத்தனைக்கும் காரணம் போட்டி ஷரத்து இல்லை, கோப்புகள்.

எனவே எந்தக் கோப்பையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். "என் வேலை மாதிரிக்காகத்தான்" என்ற விளக்கம் பிறகு யாரிடமும் எடுபடாது. வாட்ஸ்அப்பில் கிளையன்ட் எண்கள் இருந்தால் என்ன செய்வது என்று நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள். ஏற்கெனவே சொந்த லேப்டாப்பில் அலுவலகக் கோப்பு இருந்தால் ரகசியமாக அழிக்காதீர்கள். அழிப்பது திருடியதைவிட மோசமாகத் தெரியும். பட்டியல் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக எழுத்து வாங்குங்கள்.

வேலையில் இருக்கும்போதே சக ஊழியரிடம் "நீயும் வா" என்று பேசுவதும் வாடிக்கையாளரிடம் சூசகமாகச் சொல்வதும் பெரிய தப்பு. புது வேலையில் சேர்ந்ததை லிங்க்ட்இனில் பொதுவாக அறிவிப்பது பெரும்பாலும் அழைப்பு ஆகாது. பழைய கிளையன்ட்களுக்குத் தனித்தனியாக மெசேஜ் அனுப்புவது ஆகும். ஆனால் பொது விளம்பரம் என்றாலே பாதுகாப்பு என்றும் இல்லை. 2006-இல் விப்ரோவுக்கும் பெக்மன் கூல்டருக்கும் இடையேயான வழக்கில், மறுநிறுவனத்தின் ஊழியர்களைக் குறிவைத்த செய்தித்தாள் விளம்பரத்தையே அழைப்பாக எடுத்துக்கொண்டது டெல்லி உயர் நீதிமன்றம்.

7. முதலாளி அமல்படுத்துவது எப்படி

முதலில், உங்களுக்கு உண்மையிலேயே நஷ்டம் வருமா என்று யோசியுங்கள். கோபத்தில் போடும் வழக்குகள் அதிகம்.

முதல் வேலை, கிளம்பியவரின் லேப்டாப்பை அலமாரியில் பூட்டுவது. பல நிறுவனங்களில் ஐ.டி. பிரிவு அதே வாரம் அதை ஃபார்மட் செய்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடும், ஆதாரம் முழுக்கப் போய்விடும். சந்தேகம் இருந்தால் தடயவியல் நிபுணரை வைத்து நகல் எடுங்கள். மெயில் ஃபார்வர்டுகள், பென் டிரைவ் பயன்பாடு, கடைசி மாதத்தில் பெரிய அளவில் இறக்கிய கோப்புகள், நள்ளிரவு லாகின்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாக எழுதுங்கள். எந்த வாடிக்கையாளர் எப்போது வேலையை நிறுத்தினார், அதற்கு முன் யார் அவரோடு பேசினார் என்பதையும் அதே காகிதத்தில் சேருங்கள். பல நேரம் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்ததும் வழக்கு உண்டா இல்லையா என்று வக்கீல் சொல்லிவிடுவார்.

அடுத்து வக்கீல் நோட்டீஸ். எந்த ஷரத்து, எந்தச் செயல், எந்தத் தேதி, என்ன உறுதிமொழி வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று குறிப்பாக எழுதுங்கள். புது நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போகலாம், ஏனென்றால் ஒப்பந்தத்தை மீறத் தெரிந்தே தூண்டினால் அதற்குத் தனியாக நஷ்டஈட்டுப் பொறுப்பு வரலாம். ஆனால் அதில் "திருடிக்கொண்டு வந்துவிட்டார்" என்று நிரூபிக்காத ஒன்றை எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஒப்பந்தத்தின் வாசகம், கேட்கும் உறுதிமொழி, அவ்வளவுதான்.

பதில் திருப்தியாக இல்லையென்றால் இடைக்காலத் தடை உத்தரவு. வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா, யாருக்கு அதிகப் பாதிப்பு, பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பா என்று நீதிபதி பார்ப்பார். தடைக் காலம் ஆறு மாதமோ ஓராண்டோதான், முழு விசாரணை அதற்குள் முடியாது. ஆகவே இடைக்கால உத்தரவே நடைமுறையில் இறுதித் தீர்ப்பு. அதனால்தான் தாமதம் கொல்லும்: மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு "அவசரம்" என்று போனால் முதல் கேள்வியே "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?" என்பதுதான். பல நாடுகளில், தடை தவறு என்று பின்னால் தெரிந்தால் ஊழியரின் இழப்பை ஈடுகட்டுவதாக நிறுவனம் உறுதிமொழியோ பிணைத்தொகையோ தர வேண்டியிருக்கும். அந்தத் தொகையை முன்பே கணக்குப் போட்டு வையுங்கள்.

முழுப் போட்டித் தடையைக் கேட்பதைவிட, "இந்தப் பதினைந்து வாடிக்கையாளரைத் தொடக்கூடாது, இந்தக் கோப்புகளைத் திருப்பித் தர வேண்டும்" என்று சுருக்கமாகக் கேட்டால் கிடைப்பது எளிது. போன வருஷம் இதே மாதிரிப் போன இன்னொருவரை விட்டுவிட்டு இவரை மட்டும் பிடித்தால், அதற்கும் பதில் தயாராக இருக்கட்டும். நஷ்டஈடு கேட்டால், போன வியாபாரத்தின் மொத்த வரவைக் காட்டிப் பயனில்லை. அதில் நின்றிருக்கும் லாபத்தையும், அது இவரால்தான் போனது என்பதையும் காட்ட வேண்டும்.

8. நோட்டீஸ் வந்தால் ஊழியர் என்ன செய்ய வேண்டும்

பதிலே போடாமல் இருக்காதீர்கள், கோபமாகவும் எழுதாதீர்கள். அன்றிலிருந்து எந்த மெசேஜையும் அழிக்காதீர்கள். புது நிறுவனத்துக்கு உடனே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வேறு வழியாகத் தெரிந்தால் வேலையே போகலாம். வேலையில் சேரும் முன்பே ஒப்பந்த நகலைக் காட்டி, வழக்கு வந்தால் வக்கீல் செலவை ஏற்பதாக எழுத்தில் வாங்கியிருந்தால் நல்லது.

பதிலில் மூன்று விஷயம் போதும்: எந்த ரகசியத்தையும் எடுத்துவரவில்லை, எடுத்தது ஏதும் இருந்தால் திருப்பித் தந்துவிட்டேன், இன்ன வாடிக்கையாளரை இன்ன தேதி வரை அழைக்கமாட்டேன். ஷரத்து செல்லுமா செல்லாதா என்ற வாதத்தை "உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்" என்ற ஒரு வாசகத்தோடு தள்ளிவைக்கலாம்.

கணிசமான வழக்குகள் இங்கேயே சமரசமாகிவிடுகின்றன. சமரச ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி நாள், மாதம், வருஷத்தோடு இருக்கட்டும். வாடிக்கையாளர் பெயர்கள் இணைப்பில் இருக்கட்டும். பழைய ஷரத்து ரத்து என்பதும், பாக்கிச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்பதும் அதே காகிதத்திலேயே எழுதியிருக்கட்டும்.